மோசமாக எழுதச் சொன்ன மனு

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவை ஒட்டிய சிலிபினில் ஒரு கடையில் காலைப் பசியாற உட்கார்ந்திருந்தேன். கடைத் தொலைக்காட்சியில் யாரோ வெளிநாட்டுக் குத்துச்சண்டை வீரரைக் காட்டினார்கள். நாற்பதைத் தாண்டியவர். புள்ளிக் கணக்கில் தோற்றுவிட்டு, இனிமேல் மேடையேற மாட்டேன் என்று வீங்கிய வாயோடு சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இரண்டு இளைஞர்கள். "அவரு தோக்கல லா மச்சான், ஏமாத்திட்டானுங்க. திரும்ப ஒரு சண்டை போட்டா தெரியும்" என்றான் ஒருவன். "வயசாயிருச்சு லா, விட்டுரணும்" என்றான் மற்றவன். முதலாமவன் கோபத்தில் என் மேசை விளிம்பில் ஓங்கித் தட்டியதில், ஆற்றி நுரைத்த என் தே தாரிக் தேநீர் சிந்தியது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, தானே துடைத்தும் விட்டான். நல்ல பிள்ளை. அவன் முழங்கையிலிருந்து மினியாக் அங்கின் தைல வாசனை வந்தது. அதற்கப்புறம் எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

ஒரு தைல வாசனைக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். சவரிமுத்து அண்ணனைத் தெரிந்திருந்தால் கேட்க மாட்டீர்கள். எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஏழு வருடம் தொடர்ந்து மாநிலக் குத்துச்சண்டைச் சாம்பியன். பிறகு கையுறைத் தொழிற்சாலையின் பஸ்ஸை ஓட்டினார். தினமும் காலையில் தோளிலும் முழங்கையிலும் தைலத்தைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவார். அதில் போய்வந்த நாற்பது பெண்களும் அந்த வாசனையோடுதான் வீடு திரும்புவார்கள். என் அக்காவும் அவர்களில் ஒருத்தி. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்கு மூட்டுவலியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

முப்பத்தேழு வயதில் அவர் கடைசி முறையாகப் பட்டத்தைக் காக்க ஈப்போவில் மேடையேறினார். எதிரில் பாரிட் புந்தாரிலிருந்து வந்த ஒரு நெல்வயல் இளைஞன். ரொம்ப மரியாதைக்காரன், குனிந்து வணங்கிவிட்டுத்தான் அடித்தான். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் அவன் பக்கம் கை காட்டினார்கள். மண்டபத்தில் செருப்புகள் பறந்தன. அதில் ஒன்று என்னுடையது. அன்று நான் ஒற்றைச் செருப்போடுதான் வீடு வந்தேன்.

அடுத்த ஒரு வாரம் தோட்டத்துக் கோப்பிக் கடையில் வேறு பேச்சே இல்லை. தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் பெருமாள் அண்ணன் இரண்டு கோப்பைகளை வைத்துக்கொண்டு சண்டையை முதலிலிருந்து நடத்திக் காட்டுவார். "இதுதான் சவரி. அது அந்தப் பையன். எண்ணிக்கடா, எத்தன குத்துன்னு!" மூன்றாவது சுற்றில் பாரிட் புந்தார் கோப்பையின் காது உடைந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே கண்டோனீசில் திட்டினார். அதையும் எங்கள் பக்கத்து வெற்றியாகவே எடுத்துக்கொண்டோம்.

கடைசியில், மறுபோட்டி கேட்டு மாநிலக் குத்துச்சண்டைச் சங்கத்துக்கு மனுப் போடுவது என்று முடிவானது. எங்கள் தோட்டத்தில் எது நடந்தாலும் மனுதான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மனு. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக் கூரை ஒழுகினால் மனு. பாலம் உடைந்தால் மனு. பெருமாள் அண்ணன் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வாங்குவார். ஒரு மனுவுக்கும் பதில் வந்ததில்லை. நாங்களும் எதிர்பார்த்ததில்லை. அனுப்பிவிட்டால் மனசு ஆறும், அவ்வளவுதான்.

அத்தனை மனுக்களையும் எழுதியவன் நான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. என் மலாய் மொழிநடைமேல் எனக்கு இருந்த மோகம் ஒரு பெண்மேல்கூட இருந்ததில்லை. ஆயாக்கொட்டகைக் கூரையைப் பற்றி நான் எழுதியதைப் படித்து நானே கண்கலங்கியிருக்கிறேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் சவரி அண்ணன் என்னைக் கூப்பிட்டார். திடலில் நின்ற காலி பஸ்ஸில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, நான் தோத்துட்டேன் லா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இடது கண்ணுல ஒண்ணுமே தெரியல. ஒரு வருசமா இப்படித்தான் இருக்கு. அவன் வலது கை வந்ததே எனக்குத் தெரியாது. நடுவருங்க சரியாத்தான் சொன்னாங்க."

"அப்ப பெருமாளண்ணன்கிட்ட சொல்லிருவோம்ணே."

"சொன்னா பஸ் லைசென்ஸ் போயிரும். மூணு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. எங்க போவேன்?" ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார். "மனு நீதான எழுதப் போற? கொஞ்சம் மோசமா எழுது தம்பி. நல்லா எழுதாத."

சரி என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான், நாளைக் காலையில் அக்கா இதில்தான் ஏறுவாள் என்பது உறைத்தது. எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் நாற்பது பெண்கள் ஒற்றைக்கண் ஓட்டுநரோடு மலைப்பாதையில் போவார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் பஸ் வரும்வரை சாலையில் நின்றேன். வந்தபிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் அத்தனை பேர் இருந்தும் அந்த விஷயத்தைப் பேச எனக்கு ஓர் ஆள் இல்லை.

மனுவை மோசமாகத்தான் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரி தாண்டவில்லை. கை கேட்கவில்லை என்று சொன்னால் பொய். எனக்கு மனசில்லை, அதுதான் உண்மை. நூற்றைம்பது பேர் ரேகை வைக்கப்போகும் தாளில் என் எழுத்தில் ஒரு பிழை இருக்கக் கூடாது என்று தோன்றியது. எப்படியும் பதில் வரப்போவதில்லை, பிறகென்ன என்று நினைத்துக்கொண்டேன். அதைப்போல ஒரு மனுவை நான் முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை.

மூன்று வாரத்தில் சங்கத்திலிருந்து பதில் வந்தது.

கோரிக்கையின் நியாயத்தை ஏற்று மறுபோட்டிக்கு ஏற்பாடு செய்வதாக எழுதியிருந்தார்கள். பெருமாள் அண்ணன் கடிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரிசை வீடுகளுக்கிடையே லயம் லயமாக ஓடினார். நமக்கும் பதில் போடுகிறார்கள் என்பதே பெரிய திருவிழாவாகிவிட்டது. பெண்கள் காசு சேர்த்து அண்ணனுக்குப் புதுச் சப்பாத்து வாங்கினார்கள். எந்த வாயால் அவர் மாட்டேன் என்பார்? சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார். என்னை ஒருமுறை பார்த்தார். ஏன் என்று கேட்டிருக்கலாம்.

மறுபோட்டிக்கு எங்களை அழைத்துப்போனதும் அவர்தான், அதே பஸ்ஸில். தன்னை அடிக்கப் போகிற இடத்துக்கு ஊர்ச் சனத்தை ஏற்றிக்கொண்டு போன ஓட்டுநர் வேறு யாராவது இருப்பார்களா, தெரியவில்லை. வழியெல்லாம் பின்னால் பாட்டும் கைதட்டலும். நான் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாவது சுற்றிலேயே அந்த இளைஞனின் இடது கை, அவருக்கு மிச்சமிருந்த வலது கண்ணில் விழுந்தது. விழுந்தவர் எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் லா" என்றார். பிறகு வணங்க வேண்டும் என்று அந்தப் பையனைத் தேடினார். அவனோ பக்கத்தில்தான் நின்றான்.

திரும்பும்போது பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டப்பகல். சிலிபின் மாதா கோயில் வாசலில் சிவப்பு விளக்குக்காக பஸ் நின்றது. வருடம் தவறாமல் அவர் வந்து போகிற கோயில்.

"சிலிபின் வந்துருச்சா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வந்துருச்சுண்ணே" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் பஸ் ஓட்டவில்லை. நிழலுருவம் தெரியும் அளவுக்குத்தான் பார்வை திரும்பியது. மூத்த மகளோடு ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போனார். ஒரு முறை போய்ப் பார்த்தேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "மனுவ நல்லா எழுதிட்டல்ல?" என்றார். "ஆமாண்ணே." "படிச்சவங்க சொன்னாங்க, ரொம்ப நல்லா இருந்துச்சாம்." அவ்வளவுதான். மகள் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த முறை நான் போனது அவர் அடக்கத்துக்கு.

தோட்டம் விற்றுப்போய், லயங்களை இடித்து, இப்போது அங்கே தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். கோப்பிக் கடை இருந்த இடம் எதுவென்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. பெருமாள் அண்ணன் சாகும்வரை, முதல் சண்டையில் சவரியை ஏமாற்றிவிட்டார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மருத்துவமனையில் கிடந்தபோதுகூட நான் மறுத்துப் பேசவில்லை. அக்காவும் போய்ச்சேர்ந்துவிட்டாள்.

முதல் சண்டையில் சவரி அண்ணன் தோற்றுத்தான் போனார். இப்போது இதை எங்கே வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்லலாம். கேட்டுவிட்டு என் சட்டையைப் பிடிக்க ஒருவர்கூட மிச்சமில்லை.