பீலியில் இறங்கிய காற்று

முப்பது வருடம் நைதரசன் வட்டம் படிப்பித்தவன் நான். கரும்பலகையில் காற்றுக்கு மேலே போகும் அம்புக்குறியும் போடுவேன், மழையோடு கீழே இறங்குவதும் போடுவேன். ஓய்வு பெற்றுக் கோழி வளர்க்கத் தொடங்கியபோது மேலே போவது மட்டுமே ஞாபகம் இருந்தது.

வங்காலையில் எங்கள் வளவின் வடகிழக்கு மூலையில் கொட்டிலைப் போட்டேன். இடம் தெரிவுசெய்யப் படிப்பு உதவியது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் எச்சத்தின் நெடி எங்கள் விறாந்தைக்கு வராது. மதிலுக்கு அப்பால் போய்விடும். அங்கே ஒரு மீனவரும் அவருடைய இளம் மனைவியும் இருந்தார்கள். கண் எரிகிறது என்று அவள் ஒருமுறை சொன்னாள். அது அமோனியா, காற்றோடு போய்விடும் என்று விளக்கினேன். எங்கே போகும் என்று அவள் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதாமல் மாப்பால் கரைக்க வேண்டியிருந்தது. என் பழைய சோதனைப் பெட்டியால் அவர்களுடைய கிணற்றைப் பார்த்தேன். நைத்திரேற்று அதிகம், கைக்குழந்தைக்கு ஆகாது, கொதிக்க வைத்தாலும் போகாது என்றேன். கூரை மழையைத் தண்ணீர்த் தாங்கியில் பிடிக்கச் சொன்னதும் நான்தான்.

முதல் மழையைக் கூரை விளிம்புப் பீலியால் வெளியே விட்டு, கூரை கழுவப்பட்ட பிறகே தண்ணீர் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மழை இருட்டிக்கொண்டு வந்த அன்று அவள் மதிலருகே வந்தாள்.

"முதல் மழையை வெளியில விடவோ, மாஸ்டர்?"

விடச் சொன்னால் கூரையில் என்ன படிந்திருக்கிறது என்ற பேச்சு வரும். பேச்சு என் கொட்டிலுக்கு வரும்.

"வானத்துத் தண்ணி பிள்ளை. வீணாக்காதை."

சில வாரங்களில் தாங்கித் தண்ணீர் பச்சை பிடித்தது. அவள் ஒரு போத்தலில் கொண்டுவந்து தந்தாள். சோதனைக் குழாயில் நிறம் கிணற்றுத் தண்ணீருக்கு வந்ததைவிட ஆழமாய் ஏறியது. மருந்து பழசு, சரியாகக் காட்டவில்லை என்று சொல்லி அனுப்பினேன். கோழிகள் நன்றாக முட்டையிடும் காலம் அது. அடுத்த மழையில் எல்லாம் நீர்த்து ஐதாகிவிடும் என்று காத்திருந்தேன். இரசாயனவியலில் அதற்கும் இடம் உண்டு. மழைதான் வரவில்லை.

ஒன்பதாம் நாள் போய் உண்மையைச் சொன்னேன். அவள் குழந்தையை மடியில் வைத்திருந்தாள்.

"எத்தினை நாளா உங்களுக்குத் தெரியும்?"

"எட்டு நாள்."

"இண்டைக்குக் காலமையும் அதிலதான் பால் கரைச்சனான், மாஸ்டர்."

அப்போதும் மாஸ்டர் என்றுதான் சொன்னாள்.

முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று அங்கே சொன்னார்கள். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

கொட்டிலைப் பிரித்துவிட்டேன். அயலாருக்காகத் தொழிலையே விட்ட மனிதர் என்று கோயில் வாசலில் என்னைப் புகழ்ந்தார்கள். நான் மறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். இப்போது அவர்கள் பவுசர் வண்டியில் தண்ணீர் வாங்குகிறார்கள். அதையும் அவள் போத்தலில் எடுத்துச் சோதிக்கக் கொடுக்கிறாளாம், மன்னாரில் வேறொருவரிடம்.