அத்தை பார்க்காத பச்சைச் சட்டை

எங்கள் வீட்டில் அத்தையைச் சந்தேகிக்கும் பொறுப்பு முதலில் அம்மாவிடம்தான் இருந்தது. அது என் கைக்கு வந்தபோது நான் தொடக்கநிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை அப்பாவின் தங்கை; சிங்கப்பூரில் தோ பாயோ வட்டாரத்தில் எங்களோடுதான் இருந்தாள். அவளை ரயிலில் ஓர் ஆளோடு பார்த்ததாகவும், ஊரிலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவன் மாதிரி இருந்ததாகவும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். தீபாவளி முடிந்ததும் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

அத்தைக்குப் பல்கலைக்கழகத்தில் கண்களை ஆராயும் வேலை. பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் கூட்டிப்போய்த் திரைக்கு முன் உட்காரவைத்தாள். மோவாயை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு, பல வடிவங்களுக்கு நடுவே வட்டத்தைத் தேட வேண்டும். ஒன்று மட்டும் சிவப்பாகப் பளிச்சென்று இருக்கும். அதைப் பார்க்கக் கூடாது. நான் அதைத்தான் பார்த்தேன். கண் போன இடத்தையெல்லாம் கேமரா பிடித்துவிடுவதால் பொய் சொல்லவும் வழியில்லை. பெரியவர் ஒருவருடைய பதிவை அத்தை காட்டினாள். மங்கலான வடிவங்களில்கூட அவர் கண் பட்டிருந்தது. சிவப்பில் மட்டும் படவே இல்லை.

“அவருக்குத் தெரியாம இல்ல லா. பாக்கக் கூடாதுன்னு கண்ணப் பிடிச்சு வச்சிருக்காரு. அதான் மத்த எடத்தவிட அங்க கம்மியாப் பாக்குறாரு,” என்றாள்.

இதை நான் பத்திரமாக மனத்தில் வைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு சாமான் வாங்கத் தேக்காக் கடைவீதிக்குப் புறப்பட்டோம். அதற்கு முன் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, அத்தை யாரைப் பார்க்கிறாள் என்று கவனித்துச் சொன்னால் ஜிலேபி வாங்கித் தருவதாகச் சொன்னாள். ஜிலேபி இல்லாவிட்டாலும் செய்திருப்பேன்.

சிராங்கூன் சாலையில் நிற்க இடமில்லாத கூட்டம். வாழையிலை வாங்கப் போன அப்பா திரும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. வெள்ளைச் சட்டையைத் தேடச் சொன்னாள் அம்மா. நான் அத்தையின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்கடை, சேலைக்கடை, சாலையைக் கடக்கும் இடம், மறுபடி பூக்கடை. நடுவில், மினுக்கு விளக்கு போட்ட நகைக்கடை ஓரமாகக் கிளிப்பச்சைச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். வேண்டாம் என்றாலும் என் கண் அங்கேதான் போனது. அத்தையின் கண் ஒருமுறைகூடப் போகவில்லை. அந்த இடம் வந்ததும் தாண்டிவிட்டது.

மாட்டிக்கொண்டாள் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அம்மா, அத்தை அந்தப் பச்சைச் சட்டையப் பாக்கவே மாட்டேங்குறாங்க,” என்று காதில் சொன்னேன். நான் ரகசியம் பேசினால் நாலு கடைக்குக் கேட்கும். அம்மா முதலில் அந்த ஆளைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள்.

அத்தை நிதானமாகத் திரும்பினாள். பஸ் நிறுத்தத்துப் பலகையைப் படிப்பதுபோல அந்த ஆளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“அதுவா அண்ணி? யாரோ லா.”

பிறகு அப்பாவைத் தேடுவதைத் தொடர்ந்தாள். இப்போது அவள் கண் பூக்கடைக்குப் போவதுபோலவே அந்தச் சட்டைக்கும் சாதாரணமாகப் போய் வந்தது. அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. யாரைப் பார்க்கிறாள் என்று கேட்டால் யாரைப் பார்க்கவில்லை என்று சொல்கிறாயே என்று என் தலையில் குட்டினாள். ஜிலேபியும் போயிற்று. அப்பா இலைக்கட்டோடு வந்து சேர்ந்தபோது, அத்தையின் இயந்திரம் சுத்தப் பொய் என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன்.

ஒன்றுதான் உறுத்தியது. அத்தை திரும்பியபோது அந்த ஆள் சிரிக்கத் தொடங்கியிருந்தார். அவள் பார்த்து முடித்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த பூப்பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். முன்பின் தெரியாத ஒருத்தி தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்ததற்கு ஒரு மனிதர் எதற்காக அப்படி முகம் வாட வேண்டும்? வீட்டுக்குப் போகும் ரயிலில் அத்தையிடமே கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.