அக்காவுக்குத் துணை

என் அக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. கம்பி பூட்டிய சப்பாத்துப் போட்டுத்தான் நடப்பாள். கண்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவள் ஒன்பதாம் வகுப்பும் நான் ஏழாம் வகுப்பும் படித்தோம். அவளுடைய வகுப்புக்கு விளையாட்டுப் பாடம் வரும்போதெல்லாம் மைதானத்து வாங்குப் பலகையில் அவளுக்குத் துணையாக உட்கார என்னை அனுப்பிவிடுவார்கள். அது அப்பா எழுதிக் கேட்டு வாங்கிய ஏற்பாடு. அந்த நேரத்தில் எனக்குக் கணக்குப் பாடம். ஆகவே அக்காமேல் எனக்கு இருந்த பாசத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக ஒரு விளையாட்டு டீச்சர் வந்தார். வாங்கில் இருந்த எங்கள் இருவரையும் பார்த்து, "நீர் ஆர்?" என்று என்னைக் கேட்டார்.

"தங்கச்சி, டீச்சர். அக்காவுக்குத் துணைக்கு."

"உமக்கு இப்ப என்ன பாடம்?"

சொன்னேன்.

"அப்ப கணக்குக்குப் போம். அக்கா எங்களோட விளையாடப் போறா."

டீச்சர் வகுப்பைப் பள்ளி மண்டபத்துக்குள் கூட்டிப்போனார். நான் கணக்குக்குப் போகிற மாதிரிப் போய், மண்டபத்து ஜன்னலோரம் நின்றுகொண்டேன். டீச்சர் இரண்டு கதிரைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டினார். பந்தில் கொஞ்சம் காற்றை இறக்கினார். எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னார். பந்தைக் கையால் தட்டிக் கயிற்றுக்கு மேலால் அனுப்பவேண்டும். தரையைவிட்டு எழும்பினால் ஆட்டமிழப்பு. அவ்வளவுதான் சட்டம்.

அக்கா கம்பிச் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். மற்றப் பிள்ளைகள் தங்கள் நீண்ட கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். அக்கா வீட்டில் நகர்கிற மாதிரியே இரு கைகளையும் ஊன்றி மீன்போல வழுக்கிப் போய் ஒவ்வொரு பந்தையும் எடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகமாகச் சிரித்தாள். ஜன்னல் பக்கம் அவள் ஒருமுறையும் திரும்பவில்லை.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு அப்பாவிடம் சொன்னேன்: "அக்காவ எல்லாருக்கும் முன்னால தரையில இழுபட விடுறாங்கப்பா. எல்லாரும் சிரிக்கிறாங்க." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பா கடுகண்ணாவையில் ஒரு கந்தோரில் கிளார்க். அதிர்ந்து பேசாதவர். அடுத்த விளையாட்டுப் பாடத்தன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு, குடையும் கையுமாக வந்து மண்டபத்து வாசலில் நின்றார். முகம் இறுகியிருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

உள்ளே அக்கா, "எனக்கு விடு, எனக்கு விடு" என்று கத்திக்கொண்டே பாய்ந்து பந்தைத் தட்டினாள். பந்து கயிற்றைத் தாண்டி யாரும் இல்லாத இடத்தில் விழுந்தது. பிள்ளைகள் அவள் முதுகில் தட்டினார்கள். அவள் உடுப்பெல்லாம் தூசி.

டீச்சர் அப்பாவிடம் வந்தார். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்களோ?"

அப்பா கையிலிருந்த குடையைப் பார்த்தார். பிறகு, "இல்லைங்க டீச்சர். மழைக்கு ஒதுங்கினேன்" என்றார்.

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் வானத்தைப் பார்க்காமல், "நல்லது, இருங்கோ" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அப்பா பாடம் முடியும்வரை இருந்தார். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சாயந்தரம் அக்காதான் கேட்டாள். "நீதான் சொன்னியா?"

"உனக்காகத்தான் சொன்னேன்."

அவள் என் கையிலிருந்த தன் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "இனிமே நானே தூக்கிக்கிறேன்" என்றாள். குரலில் சூடே இல்லை.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்து ஏற்றத்தில் எனக்குப் பத்தடி முன்னால், தன் சிநேகிதிகளோடு பேசிக்கொண்டே மெதுவாக ஏறினாள். நான் அழுதேன். அக்காவுக்கு என்மேல் கோபம் என்று நினைத்து, அது தணியட்டும் என்று பல மாதம் காத்திருந்தேன். அவளுக்குக் கோபமே இல்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.