சங்கு ஊதாத தண்ணீர்

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, இதமாக்கவும் கூடாது. திட்டினால் அதைத் திட்டாகவே தர வேண்டும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக முப்பது வருடத்துக்கு மேல் இதைச் செய்தேன். இன்று ஓய்வூதியம் வருவதும் இதனால்தான். ஆனால் நான் இந்தத் தொழிலில் இறங்கியது ஒன்பது வயதில். அப்போது முறை தெரியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. மலைமேல், ரிங்லெட் அணைக்குக் கீழே, ஆற்றை ஒட்டி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் இருந்தன. அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதிக்குப் பொறுப்பு. இரண்டு வீடு தள்ளி அத்தை வீடு. அத்தை கணவர், அதாவது என் மாமா, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி. எங்கள் வீட்டிலேயே இருந்த சித்தப்பா அவர் கீழ் வேலை செய்தார். ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்கள் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, சித்தப்பா மாமாவை எதிர்த்து ஏதோ சொல்லிவிட்டார். மாமா அங்கேயே வேலைக் கணக்கிலிருந்து அவர் பேரை வெட்டினார். மைத்துனன் என்பதற்காக விட்டால் மற்றவன் மதிக்க மாட்டான் என்பது மாமாவின் நியாயம். தோட்டத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. ஆனால் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், ஒரே கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்கள் எப்படிப் பேசாமல் இருப்பது? அதற்கு லயனில் ஒரு வழி உண்டு. நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்தி, "சித்தப்பன்கிட்ட சொல்லு", "மாமாகிட்ட சொல்லு" என்று அதன் தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள். இருவரும் மூன்றடி இடைவெளியில் நின்றாலும், பிள்ளை திருப்பிச் சொன்ன பிறகுதான் காதில் விழுந்ததாகக் கணக்கு. அந்தப் பிள்ளை நான்.

அம்மா எனக்கு ஒரே ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார். "முள்ளை எடுத்துட்டு மீனைக் குடு." சண்டையை வளர்க்காமல் விஷயத்தை மட்டும் சொல் என்று பொருள். நான் அதில் தேர்ந்துவிட்டேன்.

பேர் வெட்டப்பட்ட சில மாதங்களில் சித்தப்பா மலையிறங்கிப் பேராக் கடற்கரையோரம் ஒரு மீனவக் கம்போங் கிராமத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு மலாய்க்காரரிடம் படகு கற்று, ஒரு வருடம் கழித்து, ஆற்றுமுகத்தில் மீன் பிடிக்க ஆட்களை அழைத்துப்போய்க் காட்டும் வேலைக்குப் போனார். ஈப்போ நகரத்திலிருந்து ஆபீஸ்காரர்கள் தூண்டிலோடு வருவார்கள். மீன் எங்கே நிற்கும், எப்போது கடிக்கும் என்று காட்டுவது சித்தப்பாவின் வேலை. ஆள் ஏற்றலாம் என்று அரசாங்கம் ஒரு தாள் கொடுத்திருந்தது. மலையில் பேர் இல்லாத மனிதருக்கு இருந்த ஒரே பேர் அந்தத் தாளில்தான். தீபாவளிக்கு வந்தபோது அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து எல்லாருக்கும் காட்டினார். மாமாவுக்குக் காட்டவில்லை, ஆனால் மாமா பார்க்கும் தூரத்தில் வைத்துக் காட்டினார்.

அத்தை அழுது கேட்டதன்பேரில் அப்பா ஏற்பாடு செய்தார். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மாமாவையும் கூட்டிக்கொண்டு சித்தப்பாவின் படகில் போவது, திரும்பும்போது இருவரும் பேசியிருக்க வேண்டும். சாதனமாக என்னையும் எடுத்துக்கொண்டார்கள்.

அடிவாரத்துத் தாப்பா வரை மலைவளைவுகளில் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு வெயில். மாமா கம்பளிக் கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்சும் போட்டுக்கொண்டு படகுத்துறையில் இறங்கினார். சித்தப்பா படகில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"மாமாகிட்ட சொல்லு. இங்க பனி பெய்யாது. கோட்டு போட்டா மீனுங்க எந்திரிச்சி சலாம் போடாதுன்னு."

"கோட்டைக் கழட்டிக்கலாமாம் மாமா" என்றேன்.

"உன் சித்தப்பன்கிட்ட சொல்லு. கங்காணி கோட்டு வெயிலுக்கும் உண்டு, மழைக்கும் உண்டு. பேரு வெட்டுப்பட்டவன் சொல்லிக் கழட்டுற கோட்டு இல்ல."

"வேணாமாம் சித்தப்பா."

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய படகுக்குப் பின்னால் சம்பான் என்கிற சிறு துடுப்புப் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு, கழி ஓடைகளுக்குள் போனோம். இரண்டு பக்கமும் பாக்காவ் எனும் அலையாத்தி மரங்கள், சேற்றில் ஆயிரம் காலூன்றி நின்றன. தண்ணீர் வெந்நீர் போலிருந்தது. எங்கள் ஆற்றில் கை வைத்தால் எலும்பு வலிக்கும். இங்கே கை வைத்தால் யாரோ குளித்துவிட்டுப் போன தண்ணீர் மாதிரி இருந்தது. சித்தப்பா எஞ்சினை நிறுத்தி, ஒரு வேரைக் காட்டி, அதன் நிழலில் இறாலைப் போடச் சொன்னார். மாமாவின் தூண்டிலில்தான் முதலில் கடித்தது. சியாக்காப் என்கிற கொடுவா மீன், என் கை நீளம். மாமா பெரட்டில் ஆளை இழுப்பது போல இழுக்க ஆரம்பித்தார்.

"இழுக்காதீங்க மாமா, விடுங்க" என்றார் சித்தப்பா. "ஓடட்டும். ஓடட்டும். ம், இப்ப இழுங்க."

மாமா விட்டார். இழுத்தார். மீன் வந்து படகில் விழுந்த பிறகுதான், நடுவில் நான் இல்லாமலே அந்தப் பேச்சு நடந்துவிட்டது எல்லாருக்கும் உறைத்தது. அப்பா என் தோளைத் தொட்டார். அத்தையிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்திருந்தது. அது கெட்டுவிடாமல் வீடு போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையும் வந்தது.

கடல் உள்வாங்கித் தண்ணீர் முழுதும் வற்றியபோது ஆற்றுமுகத்தில் ஒரு மணல்மேடு தெரிந்தது. வருகிறவர்களை அதில் இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சிப்பி பொறுக்க விடுவது அங்கே வழக்கம். ஓரத்தில் நட்டிருந்த ஒரு கம்பில் சம்பானைக் கட்டினார் சித்தப்பா. உயிர் இறால் தீர்ந்திருந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கும்போதுதான் மீன் நன்றாகக் கடிக்கும். அதற்குள் அடுத்த ஓடையில் இருந்த ஒருவரிடம் போய் வாங்கி வரலாம் என்றார். வலைக்கூடை பிடிக்க ஆள் வேண்டும் என்று அப்பாவையும் அழைத்துக்கொண்டார். ஆட்களை மேட்டில் விட்டுவிட்டுப் படகுக்காரன் நகரக் கூடாது என்பது விதி. பிறகு நான் அதைப் பல வழக்குகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். சித்தப்பாவுக்கும் தெரிந்திருக்கும். காலையில் கிடைத்த சந்தோஷத்தில், கங்காணிக்கு இன்னொரு பெரிய மீன் பிடித்துக் கொடுக்கும் ஆசை விதியைவிடப் பெரிதாக இருந்தது.

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். மாமா பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒருமுறை நேராகப் பேசிய வெட்கம் இருவருக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். பழைய வழிக்கே திரும்பியிருந்தார்கள்.

"மாமாகிட்ட சொல்லு. கம்புல சிவப்புத் துணி கட்டியிருக்கேன். தண்ணி துணியத் தொட்டதும் ரெண்டு பேரும் சம்பான்ல ஏறி உக்காந்துரணும். சங்கு ஊதும்னு காத்துக்கிட்டு இருக்க வேணாம். இங்க சங்கு ஊத கங்காணி யாரும் கெடையாது."

சங்கு என்றால் எங்கள் அணைச் சங்கு. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுமுன் அது ஊதும். ஊதினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். ஊதாதவரை ஆற்றில் துணி துவைக்கலாம், விளையாடலாம். லயன் ஆட்களை மேட்டுக்கு ஓட்டும் பொறுப்பு மாமாவுடையது. யாராவது தண்ணீர் கலங்கியதைப் பார்த்துப் பயந்து முன்கூட்டியே ஓடினால், "சங்குக்கு முன்னால ஓடுறவன் வேலைக்கு டிமிக்கி குடுக்கிறவன்" என்று திட்டித் திருப்பி அனுப்புவார். எங்கள் உலகத்தில் தண்ணீர் சொல்லிவிட்டுத்தான் வரும்.

படகு போனது. நான் மாமாவிடம் போனேன். சித்தப்பாவின் கடைசி இரண்டு வாக்கியங்களிலும் முள் இருந்தது.

"துணி நனைஞ்சா சம்பான்ல ஏறணுமாம் மாமா."

"சரி, சரி" என்றார் மாமா. "சங்கு ஊதுனா நான் வந்துடறேன். நீ வெயில்ல நிக்காத, போய் உக்காரு."

இங்கே சங்கே கிடையாது என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலையில் இருவரும் பேசிக்கொண்டதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, சங்கு இல்லாமல் தண்ணீர் வரும் என்பதை நானும் நம்பவில்லை.

சம்பானில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா தூண்டிலோடு மேட்டின் மறுகோடிக்குப் போனார். மேட்டின் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. போகும்போது அதில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். தூரத்தில் படகு எஞ்சின் சத்தம் நின்றுபோனது. படகின் விசிறியில் யாரோ விட்ட வலை சுற்றிக்கொண்டதாகப் பிறகு அப்பா சொன்னார்.

துணியின் நுனி நனைந்தது. எழுந்து நின்று கூப்பிட்டேன். மாமா திரும்பிப் பார்த்தார். கையைக் காதில் குவித்துக் காட்டி, தலையை ஆட்டினார். சங்கு ஊதவில்லை என்று அர்த்தம். நான் உட்கார்ந்தேன்.

துணி முழுதும் நனைந்த பிறகு மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை அவர் காலடியைப் பார்த்தார். பிறகு நடக்கத் தொடங்கினார். அவசரப்படவில்லை; கங்காணி ஆட்கள் முன்னால் ஓட மாட்டார். பள்ளத்தில் இறங்கியதும் பூட்ஸ் நிரம்பியது. சேறு ஒரு காலைப் பிடித்துக்கொண்டது. இடுப்பு, பிறகு கோட்டின் பொத்தான்கள். மலைக்காரர்களுக்கு நீச்சல் எதற்கு? நான் சம்பானின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

"அவுக்காத" என்றார். பெரட்டில் பேசும் அதே குரல். "கம்பைக் கெட்டியாப் புடிச்சிக்க. எந்திரிக்காத."

நான் எழுந்திருக்கவில்லை. படகு வரும்வரை கம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வந்தபோது தண்ணீர் எங்கும் ஒரே மட்டமாக, ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. அப்பாவின் விரல்கள்தான் என் கையைக் கம்பிலிருந்து பிரித்தன.

போலீஸ் நிலையத்தின் பின்பக்கக் குழாயில் அப்பா என் கால் சேற்றைக் கழுவினார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா சொன்னது, நான் சொன்னது, நான் விட்டது. கால் சுத்தமான பிறகும் அப்பா கழுவிக்கொண்டே இருந்தார்.

"சித்தப்பா உன்கிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகல" என்றார்.

"சொன்னாருப்பா."

"சொல்லல. யாரு கேட்டாலும் சொல்லல. அத்தை கேட்டாலும்."

உள்ளே கேட்டார்கள். சொல்லவில்லை என்றேன். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்குவதற்கு முன், உண்மை என்றால் என்னவென்று அதற்குத் தெரியுமா என்று சோதிக்க வேண்டும். யாரும் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால், அப்பா சொல்வதுதான் உண்மை என்று சொல்லியிருப்பேன்.

மாமாவை மலைக்குக் கொண்டுவந்து எரித்தோம். அத்தை என்னை மடியில் போட்டுக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதாடி அந்தப் பாவி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லயனே சித்தப்பாவைச் சபித்தது. பேர் வெட்டியதற்குப் பழி வாங்கிவிட்டான் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். என்னைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பாவம், குழந்தை கம்பைப் பிடித்துக்கொண்டு தப்பித்தது என்றார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்தக் கரையோர ஊரின் கோர்ட்டில் மரண விசாரணை. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சொல்லவில்லை என்றேன். மொழிபெயர்ப்பாளர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அதை ஒழுங்காகவே மொழிபெயர்த்தார். பிறகு சித்தப்பா. எச்சரிக்கை கொடுத்ததாகப் போலீசில் சொல்லியிருக்கிறீர்களே, பிள்ளை இல்லை என்கிறதே என்று கேட்டார்கள். சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளை சொல்றதுதாங்க சரி" என்றார். "நான் ஒண்ணும் சொல்லல. அன்னைக்குப் பயத்துல சொன்னேன்னு சொல்லிட்டேன்."

பிளாஸ்டிக் உறையோடு அந்தத் தாளை மேசையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார்.

எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. சித்தப்பாவே சொல்லவில்லை என்கிறார் என்றால் நான் பொய் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தச் சிவப்புத் துணிப் பேச்சு நானாகக் கற்பனை செய்ததாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த வயதில் கோர்ட்டில் எழுதிக்கொள்வதெல்லாம் நடந்தது என்றே நம்பினேன்.

வெளியே, நடைபாதையில் சித்தப்பா நின்றார். மூன்றடி தள்ளி அப்பா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சித்தப்பா குனிந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"அப்பாகிட்ட சொல்லு. எல்லாம் சரியாயிருச்சின்னு."

அண்ணன் தம்பிக்கு நடுவில் நான் நின்றது அதுதான் முதல் முறை. அதுவே கடைசியும். அந்த வாக்கியத்தில் நான் எவ்வளவு தேடியும் முள் இல்லை. அதனால் ஒரு சொல்லும் விடாமல், அப்படியே திரும்பி அப்பாவிடம் சொன்னேன்.

"எல்லாம் சரியாயிருச்சாம்பா." பிறகு நானாக ஒன்று கேட்டேன். "அப்போ சித்தப்பாவுக்கு அந்தத் தாளைத் திருப்பிக் குடுத்துருவாங்களா?"

அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெயில் தாங்கவில்லை போலும் என்று நினைத்தேன். நாங்கள் மலைக்காரர்கள்.