பேரம் பேசி வாங்கிய அரை மணி நேரம்

போன சனிக்கிழமை சேத்துப்பட்டிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம், பேரம் பாதியில் இருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. நான் யாரையும் திட்டவில்லை. விலையை ஏற்றவும் இல்லை. எழுந்து நின்றேன் — அவ்வளவுதான்.

எழுந்து நிற்பது ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். ஆரணியில் பட்டுப் புடவை எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். என்னைப் போல வீட்டு முன்னறையில் கடை வைத்திருப்பவர்கள் மெத்தை மேல் சம்மணம் போட்டுத்தான் வியாபாரம் செய்வோம். உட்கார்ந்திருக்கும் வரை விலை இறங்கும். முதலாளி எழுந்துவிட்டால், 'இதற்கு மேல் குறையாது, இஷ்டமிருந்தால் எடுங்கள்' என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

நான் எழுந்ததற்குக் காரணம் வேறு. செல்போனில் அலாரம் அடித்தது. அது அடித்தால் நான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்க வேண்டும். கல்யாணப் பெண்ணின் பெரியம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் எம்பி எம்பி வாசலில் அடுத்த கஸ்டமரைத் தேடுகிறேன் என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த மானமுள்ள மனுஷி உட்கார்ந்திருப்பார்?

என் மனைவி சரஸ்வதிதான் உள்ளேயிருந்து ஓடி வந்து காப்பாற்றினாள்.

"அவருக்கு சுகருங்க. காலுக்கு எக்சர்சைஸ் பண்ணிகினு இருக்காரு. விலை இன்னும் முடியலைங்க, வந்து உக்காருங்க."

வந்து உட்கார்ந்தார்கள். நோயாளி என்று தெரிந்ததும் இரக்கப்பட்டார்கள். வெந்தயம் சாப்பிடச் சொன்னார்கள், பாகற்காய் ஜூஸ் குடிக்கச் சொன்னார்கள். அந்த இரக்கம் விலைப் பக்கம் மட்டும் வரவே இல்லை. மூச்சு வாங்க நின்றுகொண்டிருப்பவனால் எவ்வளவு நேரம்தான் பேரத்தை இழுக்க முடியும்? அவர்கள் கேட்ட விலைக்கே கொடுத்தேன்.

இத்தனைக்கும் காரணம் ஒரு குண்டூசி.

எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷங்கள் ஆகின்றன. அதை நான் தூரத்து உறவுக்காரர் போல நடத்திவந்தேன் — எப்போதாவது விசாரிப்பதோடு சரி. மாத்திரை போடுவேன். அதன் மேலேயே காபியும் குடிப்பேன். கஸ்டமருக்குக் காபி வரவழைத்துவிட்டு முதலாளி மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்குமா? முகூர்த்த மாதங்களில் நான் குடித்த காபியை நினைத்தால் எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு நாள், கடையைக் கட்டும் நேரம். மெத்தை மேல் விரித்த வெள்ளைத் துணியில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். பார்த்தால், விலைச் சீட்டு குத்தும் குண்டூசி ஒன்று என் பாதத்தில் ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது? தெரியாது. அதோடுதான் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்திருக்கிறேன். வலிக்கவே இல்லை!

"புடவையில எங்கனா பட்டுச்சா பாரு" என்றேன் நான்.

சரஸ்வதி என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய அண்ணனுக்கு இப்படித்தான் ஒரு சின்னக் காயத்தில் ஆரம்பித்தது. கடைசியில் பாதத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அது நினைவுக்கு வந்ததும் எனக்கும் பயம் வந்தது. அத்தனை வருஷமாக டாக்டர்கள் சொல்லியும் வராத பயம், அவள் அழுததில் வந்துவிட்டது.

பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்றார் டாக்டர். போனது திரும்புமா என்று சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். காயம் ஆறியதும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். பெயர் நிவேதா. சேவூர்ப் பெண், தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். என் காலையும் ரிப்போர்ட்டுகளையும் பார்த்துவிட்டு, "டெய்லி ஒரு மணி நேரம் அங்கிள்" என்றாள்.

ஒரு மணி நேரமா? சொன்ன விலைக்கு அப்படியே வாங்கிக்கொண்டு போக நான் என்ன வெளியூர்க்காரனா? பத்து நிமிஷத்தில் ஆரம்பித்தேன். சிரித்துவிட்டு முக்கால் மணிக்கு இறங்கினாள். வியாபாரத்தைச் சொன்னேன், வயதைச் சொன்னேன், வெயிலைச் சொன்னேன். ரொம்ப யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு பதினைந்து நிமிஷத்துக்கு ஏறினேன். அவள் அசையவில்லை. சரி என்று எழுந்துவிட்டேன்.

இங்கே ஒரு விளக்கம். விற்கிறவர் எழுந்தால் பேச்சு முடிந்தது. வாங்குகிறவர் எழுந்தால், 'கூப்பிட்டால் திரும்புவேன்' என்று அர்த்தம். கதவு வரை மெதுவாக நடந்தேன். கைப்பிடியில் கை வைத்தேன்...

"சரி வாங்க அங்கிள். அரை மணி. அதுக்கு மேல கேக்காதீங்க."

கொசுறாக அந்த அலாரத்தையும் தலையில் கட்டினாள் — கடையில் ஒரேயடியாக உட்கார்ந்திருக்கக் கூடாதாம். போகட்டும் என்று வாங்கிக்கொண்டேன். ஒரு மணியைப் பாதியாக்கியிருக்கிறேனே! வீட்டுக்கு வந்து சரஸ்வதியிடம் கதையை நடித்தே காட்டினேன். "நீங்க பேசி முடிக்காத பேரமா?" என்றாள். அப்போது அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நான் அந்த அரை மணியை விடாமல் செய்தேன். டாக்டர் சொன்னது அறிவுரை. அறிவுரையை யார் கேட்கிறார்கள்? இது பேசி முடித்த விலை. பேசி முடித்த பிறகு பின்வாங்கினால் நாளைக்கு ஊரில் எந்தத் தறிக்காரன் என்னை நம்பிப் புடவை கொடுப்பான்? வேட்டியும், பஞ்சு மாதிரி ஒரு ஷூவுமாகத் தெருவில் வேகவேகமாக நடந்தேன். "முதலாளி, பஸ்ஸு இன்னும் வரல, இன்னாத்துக்கு இவ்ளோ ஜல்தி?" என்று தறிக்காரர்கள் கேட்டார்கள். மழை பெய்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்து சரஸ்வதியைப் பேஜார் பண்ணினேன். காபி ஒரு வேளையாகி, சர்க்கரை இல்லாமலும் ஆனது.

இந்தத் திங்கட்கிழமை டெஸ்ட். சர்க்கரை நன்றாகவே இறங்கியிருக்கிறது. டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தை இடம் இடமாகத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு 'தெரியுது... தெரியுது...' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். போன இடம் போனதுதான். ஆனால் மீதி எதுவும் போகவில்லை.

நேராக நிவேதாவிடம் போனேன். "பாத்தியாமா, நீ ஒரு மணி நேரம்னு சொன்ன. நான் பாதியிலேயே முடிச்சுட்டேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "எனக்கு வேண்டியதே அரை மணிதான் அங்கிள். நீங்க வர்றதுக்கு மொத நாளே ஆன்ட்டி வந்து சொல்லிட்டுப் போனாங்க — நீ எது சொன்னாலும் அவரு பாதியாக்குவாரு, டபுளா சொல்லும்மான்னு."

முப்பது வருஷமாகப் பேரம் பேசியே பிழைக்கிறவன் நான்! வீட்டுக்கு வந்தேன். சரஸ்வதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிவேதா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றேன். நிமிரக்கூட இல்லை. சும்மா சொன்னால் நீங்கள் எதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். கேள்வி நியாயம்தான். ஆனால் வியாபாரி புத்தி விடுமா?

"சரி, நிஜமா எவ்ளோவுக்குப் படியும்னு நெனச்ச?"

கீரையைக் கீழே வைத்தாள். "பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல நீங்க ஏற மாட்டீங்கன்னுதாங்க நெனச்சேன். அது கெடச்சாக் கூடப் போதும், உங்க காலு தப்பிச்சுரும்னு சாமிய வேண்டிகினே வந்தேன்."

பதினைந்துக்கே படிந்திருக்குமாம்... முப்பது கொடுத்திருக்கிறேன்! ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கீரை ஆய ஆரம்பித்தேன்.

நாளைக் காலையும் ஏமாறத்தான் போகிறேன் — ஷூவை மாட்டிக்கொண்டு.