எட்டு ஒன்று ஆறு, எட்டு ஆறு ஒன்று

பார்சல் கிடங்கில் அவருக்குக் 'கூட்டல்' என்றுதான் பெயர். எந்த நம்பரைக் கண்டாலும் வாய் முணுமுணுக்கும். இலக்கங்களைக் கூட்டுவார், வந்ததை மறுபடி கூட்டுவார், ஒற்றை இலக்கமாகும் வரை விடமாட்டார். பெட்டியிலும் ரசீதிலும் ஒரே இலக்கம் வந்தால் சரக்கு சரி.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூச்சு திணறியதால், பிறந்தவுடனே வேறு அறைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அங்கே இன்னும் நாலைந்து பிஞ்சுகள். மறுநாள் காலையில் திரும்பி வந்த பேத்தியை அவர்தான் முதலில் வாங்கினார். குழந்தையின் காலில் நம்பர் எழுதிய பட்டை, மகள் கையிலும் ஒன்று. கூட்டல் சும்மா இருப்பாரா?

"இங்க அஞ்சு... அங்கயும் அஞ்சு. சரக்கு நம்மளுதுதான்!"

"அப்பா! அவ என்ன பார்சலா?" மகள் சிரித்தாள். "அப்படியே ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க."

மருமகன் குனிந்து பார்த்தான். "மாமா, இவ கையில 73816259. பாப்பா கால்ல 73861259. எட்டு ஒண்ணு ஆறு, எட்டு ஆறு ஒண்ணுன்னு இருக்கே?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இலக்கங்கள் இடம் மாறி உட்கார்ந்தாலும் கூட்டினால் அதேதான் வரும். கண்ணை மூடிக்கொண்டு காவல் காத்ததுபோல் ஆகிவிட்டது. மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப என் பிள்ளை எங்கப்பா?"

கையிலிருந்த குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு யாருடையதோ என்றால் இந்தப் பிடியை எப்படி விடுவிப்பது? விடுவிக்காமல் எப்படி இருப்பது?

மருமகன் ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தான். அவள் இரண்டு பட்டைகளையும் பார்த்தாள்.

"பயப்படாதீங்கய்யா. இங்க குடுக்கிற நம்பர் எல்லாமே பதினொண்ணால மீதியில்லாம வகுபடும். ஒண்ணு விட்டு ஒண்ணா கூட்டிப் பாருங்க."

மகளுடையதைக் கூட்டினார். ஏழு, எட்டு, ஆறு, அஞ்சு: இருபத்தாறு. விட்டுப்போனவை பதினைந்து.

"வித்தியாசம் பதினொண்ணு."

"சைபரோ பதினொண்ணோ வந்தா வகுபடும். இப்ப பாப்பாவோடது?"

இருபத்தொன்று. இருபது. "ஒண்ணு..."

"வகுபடாது. அப்படி ஒரு நம்பரை நாங்க எந்த அம்மாவுக்கும் குடுக்கவே இல்ல. உங்க பொண்ணு நம்பரைப் பார்த்து எழுதினப்போ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். எதுக்கும் பிறந்தப்ப எடுத்த கால்ரேகையையும் பார்த்துடறேன்."

அவள் போய் அட்டையோடு திரும்பி வந்தாள். அட்டையில் பதிந்த குட்டிப் பாதமும் இந்தப் பாதமும் ஒன்றேதான் என்று அவள் சொன்ன பிறகுதான் மகள் வாய்விட்டு அழுதாள்.

புதுப் பட்டை கட்டினார்கள். கூட்டல் அதை நேராகக் கூட்டினார். பிறகு ஒன்று விட்டு ஒன்றாகவும் கூட்டினார்.

"குடுங்கப்பா, பால் குடிக்கட்டும்."

"இரும்மா," என்றார். அவர் விரல் மறுபடி பட்டையின் முதல் இலக்கத்துக்குப் போனது. "இன்னொரு தடவை."