ஸ்டெல்லாவின் நிஜ லேப்டாப்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா, திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா... பரீட்சையிலருந்து என்னைய வெளிய தள்ளிட்டுக்கா."

ஸ்டெல்லாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொந்த ஊர் உவரி. கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில். பிள்ளைகள் படிப்புக்காகப் பாளையங்கோட்டைக்குக் குடிவந்தவள். நாங்கள் சைவம் என்பதால், மீன் குழம்பு வைக்கிற அன்றைக்கு எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சமைப்பாள். நான் ஒருநாளும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனுஷி.

கல்யாணத்துக்கு முன்னால் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவள். பிள்ளை, வீடு என்று எட்டு வருஷம் விட்டுப்போயிற்று. எட்டு வருஷ இடைவெளியோடு விண்ணப்பித்தால் எந்தக் கம்பெனி திரும்பிப் பார்க்கும்? ஒன்று பார்த்தது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. முதலில் ஆன்லைன் தேர்வு, தேறினால் நேர்காணல். அதற்காக ஆறு மாதம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து படித்தாள்.

அந்தத் தேர்வுதான் முதல் கேள்வி வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. திரையில் சிவப்பு எழுத்து: 'உங்கள் கணினி மெய்நிகர் இயந்திரம் எனக் கண்டறியப்பட்டது. முறைகேடு முயற்சி எனப் பதிவு செய்யப்படுகிறது.'

மெய்நிகர் இயந்திரம் என்றால்? நிஜக் கணினிக்குள்ளே சாஃப்ட்வேரால் கட்டிய இன்னொரு கணினி. உள்ளே இருப்பதில் தேர்வு எழுதிக்கொண்டே, வெளியே இருப்பதில் விடையைத் தேடலாம். தேர்வு நடத்தும் சாஃப்ட்வேருக்கு உள்ளே நடப்பது மட்டும்தான் தெரியும். அதனால் அது எழுந்தவுடனே மோப்பம் பிடிக்கும் – நான் இருப்பது நிஜத்திலா, பாவனையிலா?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்தப் பத்திரிகைப் பத்தி எழுதுவது வாரத்தில் ஒருநாள்தான். மற்ற நாளெல்லாம் சாஃப்ட்வேர்தான் சோறு போடுகிறது. தேர்வுச் சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் பல வருஷம் இருந்திருக்கிறேன்.

அந்தத் திமிரில்தான் கேட்டேன். "ஏட்டி, உண்மையச் சொல்லு. வேற எதையும் ஓட்டுனியா?"

அவள் என்னையே பார்த்தாள்.

"நீங்களுமாக்கா கேக்குதிய?"

லேப்டாப்பை என் மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தேன். விசைப்பலகை இடுக்கில் பிஸ்கட் தூள். மூடியில் அவளுடைய சின்ன மகள் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த மீன். இதைவிட நிஜமாக ஒரு கணினி இருக்க முடியுமா?

பிறகு ஏன்?

அரைமணி நேரம் துழாவினேன். கிடைத்தது. வேலைக்குக் கேட்ட பாடங்களில் கன்டெய்னரும் ஒன்று – ஒரு புரோகிராமை, அதற்கு வேண்டிய சாமான்களோடு தனி டப்பாவில் அடைத்து ஓட்டும் வித்தை. அதைப் பழக ஒரு கருவியை இன்ஸ்டால் செய்திருக்கிறாள். அது ஓட, கணினியின் அடியில், மெய்நிகர் இயந்திரங்களை நடத்துகிற மேற்பார்வை அடுக்கு ஒன்று விழித்திருக்க வேண்டும்.

"அத மூடித்தானக்கா வச்சிருந்தேன்" என்றாள்.

மூடினாலும் அந்த அடுக்கு தூங்காது. தேர்வுச் சாஃப்ட்வேர் பிராசஸரிடம் கேட்பது ஒரே ஒரு கேள்வி: 'அடியில் மேற்பார்வை உண்டா?' 'உண்டு' என்றது பிராசஸர். உடனே தீர்ப்பு. உழைத்துப் படித்தாள் பாருங்கள்... படித்த குற்றத்துக்கே பிடிபட்டிருக்கிறாள்.

அப்போதுதான் திரையின் மூலையில் சின்னதாக இருந்த பிழை எண்ணைக் கவனித்தேன். அந்த எண்ணை வைத்ததே நான்தான்.

பிராசஸரிடம் கேட்கும் அந்தக் கேள்வியை நான் எழுதிய நாள் நினைவிருக்கிறது. பக்கத்து சீட்டிலிருந்தவர், "நிஜ மெஷின்லயும் இந்த அடுக்கு இருந்துச்சுன்னா?" என்று கேட்டார். "பரீட்சை எழுத வர்றவங்க யாரு இதையெல்லாம் வச்சிருக்கப் போறா?" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு அது ஓரளவுக்குச் சரி. இன்றைக்குக் கன்டெய்னர் தெரியாதவருக்கு இந்த வேலையே கிடையாது. நான் எழுதிய நிரல் வரி மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சொல்லலாமா, வேண்டாமா? 'கம்பெனிக்காரன் தப்பு' என்று சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள். ஒரு நிமிஷம் யோசித்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே யோசித்தேன்.

"ஸ்டெல்லா, இத எழுதுனது நாந்தான்."

"எதக்கா?"

"உன்னைய வெளிய தள்ளுன வரிய."

திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "சரிபண்ண முடியுமாக்கா?" என்றாள்.

"முடியும்."

இப்போதுதான் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பைய சொன்னாள். "அந்த வரிக்கு என்னையத் தெரியாது. அது தப்பாக் கேட்டுட்டு. போவட்டும். உங்களுக்கு என்னையத் தெரியும்லாக்கா?"

எனக்கு அழுகைதான் வந்தது.

அன்றைக்கே பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கெஞ்சினேன், கொஞ்சம் கத்தவும் செய்தேன். இரண்டாவது கேள்வி ஒன்றை எழுதி அனுப்பினேன் – 'மேற்பார்வை இருக்கட்டும். அதன்கீழ் நீ வீட்டுக்காரரா, விருந்தாளியா?' நிஜக் கணினி வீட்டுக்காரர் என்று சொல்லும், பாவனைக் கணினி விருந்தாளி என்று சொல்லும். அந்த வரியை எழுதிய அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சோம்பல்... இல்லை, அலட்சியம். வெள்ளிக்கிழமைக்குள் வரியை மாற்றிவிட்டார்கள். ஸ்டெல்லாவின் பெயரிலிருந்து 'முறைகேடு' போயிற்று. புதிய தேர்வு நாளும் வந்தது.

சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம்தான். ஆனாலும் கையை விடாமலே கேட்டாள்.

"இது மாதிரி வேற யாரையும் தள்ளிருக்குமாக்கா?"

இதையே நானும் அலுவலகத்தில் கேட்டிருந்தேன். தேர்வு முடிந்த அன்றைக்கு இரவே எழுதியவர்களின் விவரங்களை அழித்துவிடுவது அங்கே வழக்கமாம். 'முறைகேடு' என்ற சொல் மட்டும் அந்தந்தக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அலுவலகத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை, பட்டியல் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் யாரிடம் போய்க் கேட்பேன்?

என் கையில் இருப்பது இந்தப் பத்தி ஒன்றுதான். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருப்பவர்களும் சந்தேகமாகப் பார்க்க, 'நாம்தான் எங்கேயோ தப்பாக எதையோ அமுக்கிவிட்டோம்' என்று லேப்டாப்பை மூடிவைத்தவர் யாராவது இதைப் படிக்கிறீர்களா?

நீங்கள் ஏமாற்றவில்லை. அது எனக்குத் தெரியும்... அந்த வரியை எழுதியவள் நான்.